தமிழ்வழியில் படித்தவர்கள் அன்றாட ஆங்கிலம் பேசத் தொடங்க ஒரு வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலும், பிறகு மூன்று ஆண்டுகள் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படிப்பிலும் தமிழ்வழியிலேயே படித்துவிட்டு, சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளியில் ஆங்கிலத் தாளில் நல்ல மதிப்பெண்தான் வாங்கியிருந்தேன். ஆனாலும், சேர்ந்த இரண்டாம் வாரம் பெங்களூரு அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர் ஒரு பில்லின் தேதியைக் கேட்டபோது, அந்தத் தேதி கண் முன்னால் கணினித் திரையில் இருந்தும் எனக்கு வாய் எழவில்லை; பக்கத்து மேசை அக்காவிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு இரண்டு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் ஏறத்தாழ 11,000 ரூபாயையும் 14 மாதங்களையும் செலவழித்தேன். அவற்றால் கிடைத்ததைவிட, வகுப்பை விட்ட பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே வகுத்துக்கொண்ட முறையால் ஆறு மாதங்களில் கிடைத்தது அதிகம். அந்த முறையை, நான் சறுக்கிய இடங்களோடு சேர்த்து, கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஆங்கில எழுத்துகளைத் தடையில்லாமல் படிக்கத் தெரிந்தும் பேச வராதவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1. நேரத்தையும் பணத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு நாளைக்கு 40 நிமிடங்கள் போதும். ஆனால் அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் 15 நிமிடங்கள் வாய்விட்டுப் பேசவும், பேருந்திலோ ரயிலிலோ போகும்போது 15 நிமிடங்கள் கேட்கவும், இரவில் 10 நிமிடங்கள் எழுதவும் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் படிப்பேன் என்று திட்டமிட்டவர்கள் யாரும் இரண்டு மாதத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

தேவையான பொருள்கள் 200 பக்க நோட்டு ஒன்று, சட்டைப் பையில் அடங்கும் சிறிய அட்டைகள் ஒரு கட்டு, இயர்ஃபோன், ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைபேசி ஆகியவைதான். கைபேசி ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டால் மொத்தச் செலவு 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். முதல் மூன்று மாதங்களுக்கு எந்த வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டாம். உங்களுக்கு எது வரவில்லை என்று உங்களுக்கே தெரியாதபோது வகுப்பில் சேர்ந்தால், அவர்கள் நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என்று பள்ளிப் பாடத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து எடுப்பார்கள். என் இரண்டு வகுப்புகளிலும் நடந்தது அதுதான்.

2. ஒரு வாரம் உங்கள் நாளைக் குறித்து வையுங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்ட படி இது. பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படியும் இதுவே. ஏழு நாள்களுக்கு எதையும் படிக்காதீர்கள். ஆங்கிலம் தேவைப்பட்ட ஒவ்வொரு இடத்தையும், யாரிடம், எதற்காக, என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதைத் தமிழிலேயே எழுதி வையுங்கள்.

என் நோட்டில் அந்த வாரம் 31 குறிப்புகள் சேர்ந்தன. 'ஓட்டுநர் இன்னும் கிளம்பவில்லை, மாலைக்குள் சொல்கிறேன் என்று ஹைதராபாத் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்', 'பில்லில் ஜி.எஸ்.டி. எண் தவறாக இருக்கிறது, திருத்தி அனுப்புங்கள்', 'தங்கும் விடுதியில் அறைத் தோழியிடம் இரவில் விளக்கை அணைக்கச் சொல்ல வேண்டும்', 'மருத்துவமனையில் தலைவலி எத்தனை நாளாக என்று வடநாட்டு மருத்துவர் கேட்டார்' என்பவை போன்றவை. எண்ணிப் பார்த்தபோது இவை அனைத்தும் ஒன்பது சூழல்களுக்குள் அடங்கின. ஆங்கிலம் முழுவதையும் கற்றால்தான் பேச முடியும் என்று மலைத்திருந்த எனக்கு, இப்போதைக்கு ஒன்பது உரையாடல்கள் தெரிந்தால் போதும் என்பது அந்த வாரக் கடைசியில்தான் புரிந்தது. உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். பிள்ளையின் பள்ளியில் ஆசிரியரைப் பார்க்கும் தாய்க்கும், நட்சத்திர ஓட்டலில் பரிமாறுபவருக்கும், கல்லூரி முடித்து நேர்காணலுக்குப் போகிறவருக்கும் ஒரே 'அன்றாட ஆங்கிலம்' கிடையாது.

3. ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு பக்க உரையாடல் எழுதுங்கள்

நோட்டில் ஒரு சூழலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எதிரில் இருப்பவர் கேட்கக்கூடியதை இடப்பக்கமும், நீங்கள் சொல்ல வேண்டியதை வலப்பக்கமும் எழுதுங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகே மனப்பாடம் செய்யுங்கள். தவறோடு மனத்தில் பதிந்த வாக்கியத்தை மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம். எழுதும்போது மூன்று இடங்களில் கவனமாக இருங்கள்.

முதலாவது, மரியாதை. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் இறுதியிலேயே இருக்கிறது. 'கொடுங்கள்' என்று சொன்னாலே போதும். அதை அப்படியே 'கிவ் மீ தி பில்' என்று மாற்றினால் ஆங்கிலத்தில் அது 'கொடு' என்று கேட்கும். நான் எவ்வளவோ பணிவாகப் பேசியும் எதிரில் இருந்தவர் முகம் சுளித்ததற்கான காரணம் எனக்கு ஓர் ஆண்டு கழித்தே விளங்கியது. 'குட் யூ செண்ட் மீ தி பில், ப்ளீஸ்?' என்று கேள்வியாகக் கேட்பதுதான் ஆங்கிலத்தில் 'கொடுங்கள்'. உங்கள் பக்கங்களில் உள்ள எல்லாக் கட்டளைகளையும் 'குட் யூ' என்று தொடங்கும் கேள்விகளாக மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, எதிர்மறைக் கேள்விக்கான பதில். 'பார்சல் வரவில்லையா?' என்று கேட்டால் நாம் 'ஆமாம், வரவில்லை' என்போம். ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் 'நோ' என்றுதான் தொடங்க வேண்டும். ஒரு கூரியர் நிறுவனத்திலிருந்து அழைத்து, 'ஹேவ்ன்ட் யூ ரிசீவ்ட் தி பார்சல்?' என்று கேட்டார்கள். நான் 'யெஸ்' என்று மட்டும் சொன்னேன். பொருள் கிடைத்துவிட்டதாக எழுதிக்கொண்டு புகாரை முடித்துவிட்டார்கள். மறுபடி புகார் கொடுத்து அதை மீட்க ஒன்பது நாளானது. இந்தக் கேள்விகளுக்கு 'யெஸ்', 'நோ' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல், 'நோ, ஐ ஹேவ்ன்ட் ரிசீவ்ட் இட்' என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகினால் இந்தக் குழப்பமே வராது.

மூன்றாவது, பள்ளிக் கடித நடை. தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஆங்கிலம் ஒன்று உண்டென்றால் அது விடுப்புக் கடிதம்தான். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி 'கிராண்ட் மீ லீவ்' என்று முடியும் அந்த வாக்கியத்தை மேலாளரிடம் ஃபோனில் ஒப்பிக்க வேண்டாம். 'ஐ ஹேவ் ஃபீவர். ஐ வோன்ட் பி ஏபிள் டு கம் இன் டுடே' என்பதே பேசும் மொழி. எழுத்தில் நீளமாக இருப்பது பேச்சில் இரண்டு சிறிய வாக்கியங்களாகிவிடும்.

இவற்றோடு, எந்தச் சூழலுக்கும் பொருந்தும் நான்கு வாக்கியங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் அளவுக்குப் பழகுங்கள். 'சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?' என்பது திரும்பச் சொல்லக் கேட்பதற்கு. 'குட் யூ ஸ்பீக் எ லிட்டில் ஸ்லோவர், ப்ளீஸ்?' என்பது வேகம் தாங்காதபோது. 'டூ யூ மீன்' என்று தொடங்கி நமக்குப் புரிந்ததைச் சொல்லி உறுதி செய்வது மூன்றாவது. 'லெட் மீ செக் அண்ட் கால் யூ பேக்' என்பது ஒன்றுமே ஓடாதபோது நமக்கு ஐந்து நிமிடம் வாங்கித் தருவது. பேசும் அச்சத்தின் பெரும்பகுதி, மாட்டிக்கொண்டால் வெளியே வர வழி தெரியாது என்ற அச்சம்தான். இந்த நான்கும் கையில் இருந்தால் அது பாதியாகக் குறைந்துவிடும்.

4. பெயர், எண், தேதி ஆகியவற்றைத் தனியாகப் பழகுங்கள்

ஆங்கிலத்தில் நடக்கும் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி பெயரும் எண்ணும்தான். நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. 'வாட் இஸ் யுவர் லாஸ்ட் நேம்?' என்று கேட்டால் தடுமாறிவிடுகிறோம். பான் அட்டைக்கான விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களில் இனிஷியல் போட முடியாது என்பதால், அதில் தந்தையின் பெயர் விரிவாக இருக்கும். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும். ஆதாரில் வேறு வரிசையில் இருக்கலாம். ஆதார், பான், மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றில் உங்கள் பெயர் எந்த எழுத்துகளில், எந்த வரிசையில் இருக்கிறது என்பதை நோட்டில் ஒரே பக்கத்தில் அப்படியே பார்த்து எழுதி வையுங்கள். யாராவது கேட்டால், 'இன் மை பான் கார்ட், இட் இஸ்' என்று தொடங்கி எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.

எழுத்துகளைச் சொல்லும்போது எம், என் இரண்டும் ஃபோனில் ஒன்றாகவே கேட்கும்; பி, டி, வி ஆகியவையும் அப்படியே. 'எம் ஃபார் மும்பை', 'என் ஃபார் நாக்பூர்' என்று எல்லோருக்கும் தெரிந்த ஊர்ப் பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் ழகரம் இருப்பவர்கள், இசட், எய்ச் என்ற இரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்துச் சொல்லி ஒரு கணம் நிறுத்துங்கள்; தமிழறியாதவர் அங்கேதான் தவறவிடுவார்.

எண்களில் 15க்கும் 50க்கும், 13க்கும் 30க்கும் இடையில் நான் செய்த தவறால் ஒரு முறை கணக்கே மாறியது. தொகையைச் சொன்னபின் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கங்களாக ஒரு முறை சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் லட்சம் என்று சொன்னால் புரியாது. ஒரு லட்சம் 'எ ஹண்ட்ரட் தௌசண்ட்', பத்து லட்சம் 'ஒன் மில்லியன்'. அமெரிக்கர்கள் தேதியில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பதால், மாதத்தின் பெயரைச் சொல்லியே தேதியைக் குறிப்பிடுங்கள்.

5. சொற்களைத் தனியாகச் சேர்க்காதீர்கள்

அகராதியைத் திறந்து நாளைக்கு 20 சொற்கள் என்று மனப்பாடம் செய்ததை இரண்டு முறை முயன்று கைவிட்டேன். சொல் தெரியும், ஆனால் வாக்கியத்தில் அதன் இடம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் அதோடு ஒட்டிவரும் சொல்லுடன் சேர்த்தே எழுதுங்கள். 'பேமென்ட்' என்று எழுதாமல் 'மேக் எ பேமென்ட்' என்றும், 'மெடிசின்' என்று எழுதாமல் 'டேக் மெடிசின்' என்றும் எழுதுங்கள். நாம் தமிழில் மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் மருந்தை எடுத்துக்கொள்கிறார்கள். தனிச்சொல்லாகப் படித்தவர் 'ஐ ஏட் மெடிசின்' என்றுதான் சொல்வார்.

நாளைக்கு ஐந்து போதும். அட்டையின் ஒரு பக்கம் உங்கள் வாழ்க்கையில் வரும் வாக்கியத்தைத் தமிழில் எழுதி, மறுபக்கம் அதன் ஆங்கிலத்தை எழுதுங்கள். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே பாருங்கள். தவறிய அட்டை மீண்டும் முதல் நாளுக்கே போக வேண்டும். இந்த இடைவெளிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் 'ஆன்கி' என்ற செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐஃபோனில் மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். எந்தச் சொற்களை முதலில் எடுப்பது என்று தெரியாதவர்கள், கற்பவர்களுக்கென்று தொகுக்கப்பட்ட 'ஆக்ஸ்ஃபோர்டு 3000' என்ற பட்டியலை இணையத்தில் பார்க்கலாம். அதிலும் தொடக்க நிலைச் சொற்களாக ஏ1, ஏ2 என்று குறித்திருப்பவற்றைத் தாண்டி முதல் ஆறு மாதத்தில் போக வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெம்பு தரும். பஸ், டிக்கெட், பேலன்ஸ், ரீசார்ஜ், டோக்கன், ஸ்கேன், டிஸ்சார்ஜ் என்று நாம் தமிழ் பேசும்போதே பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்களை ஒரு நாள் முழுவதும் எண்ணிப் பாருங்கள். எனக்கு 160க்கு மேல் வந்தது. இவற்றைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, வாக்கியத்தில் உட்கார வைத்தால் போதும். ஆனால் இவற்றில் சில, தமிழில் வேறு பொருள் பெற்றுவிட்டன. 'கரன்ட் போய்விட்டது' என்பதற்கு 'தி பவர் இஸ் அவுட்' என்று சொல்ல வேண்டும். நாம் சாப்பிடப் போகும் 'ஹோட்டல்' வெளியூர்க்காரருக்குத் தங்கும் இடம், உணவகம் 'ரெஸ்டாரன்ட்'. 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நம்மூரில் கேள்வி கேட்கப் போகிறார் என்று பொருள், வெளிநாட்டவருக்கோ நம் பேச்சை நம்பவில்லை என்று பொருள். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று சொல்லுங்கள். கல்லூரி முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்று சொன்னால், மயங்கி விழுந்ததாக எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019' என்பது போல ஆண்டோடு சொல்லிப் பழகுங்கள்.

6. வாயை ஒலிகளுக்குப் பழக்குங்கள்

நம் உச்சரிப்பை முழுவதுமாக மாற்ற வேண்டியதில்லை. தமிழர் பேசும் ஆங்கிலம் தமிழர் ஆங்கிலமாகவே இருக்கலாம். சொல் மாறிப்போகும் இடங்களை மட்டும் திருத்தினால் போதும்.

கைபேசியின் குரல்வழித் தட்டச்சை ஆங்கிலத்துக்கு மாற்றி, உங்கள் உரையாடல் பக்கத்தை அதனிடம் படியுங்கள். முதல் நாள் நான் 'காஃபி' என்று ஆறு முறை சொன்னேன். ஆறு முறையும் திரையில் நகல் என்று பொருள்படும் 'காப்பி'தான் விழுந்தது. மேல்வரிசைப் பற்கள் கீழுதட்டின் மேல் லேசாகப் படிந்து காற்று வெளியேற வேண்டும் என்பதைக் கண்ணாடி முன் நின்று பார்த்துப் பழகிய நான்காம் நாள் சரியான சொல் விழுந்தது. உடனிருப்பவர் சொன்னால் வருந்துவோம். கைபேசி சொன்னால் வருத்தம் வருவதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம்.

தமிழில் ப (P, B), க (K, G) ஆகிய எழுத்துகள் ஒவ்வொன்றும் இரண்டு ஆங்கில ஒலிகளுக்கு நிற்பதால் 'பேக்' என்பது பையா, கட்டுவதா, பின்பக்கமா என்று கேட்பவர் குழம்புவார். மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லித் தட்டச்சில் சோதியுங்கள். எகரத்தில் தொடங்கும் சொற்களின் முன்னால் நாம் அறியாமலே ஒரு யகரத்தைச் சேர்த்து 'யெம்ப்டி' என்போம். ஒகரத்தின் முன் வகரத்தைச் சேர்த்து 'வோல்ட்' என்போம். சொல்லின் இறுதியில் 'கப்பு', 'பஸ்ஸு' என்று உகரத்தைச் சேர்ப்பதும் நம் நாவின் பழக்கம். ஒரு வாரத்துக்கு ஒரு ஒலி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. எழுத்து வடிவம் உள்ளதையே கேளுங்கள்

ஆங்கிலத் திரைப்படங்களோடு தொடங்க வேண்டாம். நாளிதழ்த் தலையங்கத்தோடும் வேண்டாம். அது பேசும் மொழியே அல்ல. பிபிசியின் 'லேர்னிங் இங்கிலீஷ்' தளத்தில் கற்பவர்களுக்கான ஆறு நிமிட உரையாடல்கள் எழுத்து வடிவத்தோடு கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதலில் எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை, பார்த்துக்கொண்டு ஒரு முறை, பிறகு பேசுபவரின் பின்னாலேயே நீங்களும் சொல்லிக்கொண்டு ஒரு முறை என மூன்று முறை கேளுங்கள். ஒரு பகுதியை ஒரு வாரம் முழுக்கக் கேட்டால்கூடத் தவறில்லை. இந்திய உச்சரிப்பு முதலில் காதுக்குப் பழக வேண்டுமென்றால் அகில இந்திய வானொலியின் ஆங்கிலச் செய்திகளைக் கேட்கலாம்.

வாய்விட்டுப் படிக்க எளிய நூல்கள் வேண்டுமென்றால், கூச்சப்படாமல் நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்குப் போங்கள். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கான ஆங்கில நூல்கள் ஏராளம். உள்ளே அமர்ந்து படிக்கக் கட்டணமில்லை. குழந்தைக் கதைகளில் வரும் வாக்கியங்கள் சிறியவை, பேச்சு வழக்கில் உள்ளவை. நமக்கு வேண்டியது அவைதான்.

8. யாரிடம் பேசுவது என்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்

துணிவு வந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்த மாதங்களில் எனக்குத் துணிவு வரவேயில்லை. அச்சம் குறைவான இடத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறியபோதுதான் வந்தது.

முதல் இரண்டு வாரம் கைபேசியிடம் மட்டும் பேசுங்கள்; ஒவ்வொரு ஞாயிறும் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து தேதியிட்டு வையுங்கள், அழிக்க வேண்டாம். மூன்றாம் வாரத்திலிருந்து உங்களைப் போலவே கற்றுக்கொள்ளும் ஒருவருடன் இரவில் 10 நிமிடங்கள் ஃபோனில் பேசுங்கள். பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தக்கூடாது, முடித்த பிறகு மூன்று திருத்தங்களுக்கு மேல் சொல்லக்கூடாது என்று இருவரும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். இந்த விதியில்லாமல் தொடங்கிய என் முதல் துணை, நட்போடு சேர்ந்து முறிந்தது.

இரண்டாம் மாதத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுங்கள். வங்கி, கைபேசி நிறுவனம், எரிவாயு போன்றவற்றின் கட்டணமில்லா எண்களில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழைத் தேர்ந்தெடுக்காமல் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே தேவையான ஒரு கேள்வியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். வேலை செய்பவர்களின் நேரத்தை வீணாக்கக்கூடாது. எதிர்முனையில் இருப்பவர் உங்களை இனிமேல் பார்க்கப் போவதில்லை, பொறுமையாகப் பேசுவதே அவருடைய வேலை. என் வாழ்க்கையில் முதன்முதலாக நான்கு நிமிடம் தொடர்ந்து ஆங்கிலம் பேசியது, கணக்கில் பிடித்த 118 ரூபாய் எதற்காக என்று வங்கியில் கேட்டபோதுதான்.

மூன்றாம் மாதத்தில் ஒரு சிறிய கூட்டத்தின் முன் நில்லுங்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களில் 'டோஸ்ட்மாஸ்டர்ஸ்' என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றங்கள் இயங்குகின்றன. விருந்தினராகச் சென்று பார்க்கப் பெரும்பாலும் கட்டணம் கேட்பதில்லை. முன்தயாரிப்பின்றி ஓரிரு நிமிடங்கள் பேசும் பகுதியும் அங்கே உண்டு. முதல் முறை அமர்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்; இரண்டாம் முறை பேசுங்கள்.

9. வகுப்பில் சேர்வதென்றால் பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்

கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் தங்கள் கல்லூரியில் விசாரியுங்கள். 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியும் கட்டணமின்றி உண்டு. அது கையில் இருக்கும்போது வெளியே பணம் கட்டுவது வீண்.

வெளியே சேர்வதானால், ஒரு முழு வகுப்பில் அமர்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் பேசினார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். என் முதல் வகுப்பில் 35 பேர் இருந்தோம். என் முறை வந்தால் ஒரு நிமிடம், பல நாள் அதுவும் இல்லை. பத்துப் பேருக்கு மேல் உள்ள வகுப்பு, பேசக் கற்க உதவாது என்பது என் உறுதியான கருத்து.

சொல்லும் கட்டணத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியதா என்று கேளுங்கள். 8,000 என்றது கடைசியில் 9,440 ஆகும். தவணை வசதி என்று சொல்லி நீட்டும் தாள், சில இடங்களில் நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமாக இருக்கும்; வகுப்பை விட்டாலும் கடனை விட முடியாது என்பதால் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். சேர்க்கைக்கு அடையாளச் சான்றின் நகல் போதும், அசல் மதிப்பெண் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாய்ச்சொல்லை நம்பி 6,500 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பப் பெறவில்லை. ரசீது இருந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டிருக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமின்றி வழக்குத் தொடுத்திருக்கலாம்.

சான்றிதழுக்காக அவசரப்படவும் வேண்டாம். வெளிநாட்டுப் படிப்புக்கோ குடியேற்றத்துக்கோ கேட்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பேசப் பழகுவதற்காக அதை எழுதுவது பணத்தை வீணாக்குவது.

10. ஆறு மாதங்களில் என்ன எதிர்பார்க்கலாம்

முதல் மாதம் எதுவும் மாறியதாகத் தெரியாது; பலர் விட்டுவிடுவது இங்கேதான். மூன்றாம் மாத முடிவில், பட்டியலில் உள்ள சூழல்களில் பாதியை நோட்டைப் பார்க்காமல் சமாளிப்பீர்கள். நான்காம் மாதத்தில் ஒரு தேக்கம் வரும். அப்போது புதிய சொற்களை நிறுத்திவிட்டு, முதல் மாதத்து ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள். முன்னேற்றம் நம் காதுக்கே கேட்பதைவிடப் பெரிய ஊக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆறாம் மாதத்தில் அலுவலகக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே அதை எழுதி, பத்து முறை வாய்விட்டுச் சொல்லி, கூட்டம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் நெஞ்சு படபடக்கத் தொடங்கி, கூட்டம் முடியும்வரை கேட்க முடியாது. நான் கேட்டது 'வென் டு வி கெட் தி ரிவைஸ்ட் ரேட் லிஸ்ட்?' என்ற சின்னக் கேள்வி. மேலாளர் வெள்ளிக்கிழமை என்று பதில் சொன்னார், நான் நோட்டில் குறித்துக்கொண்டேன், கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது.